அயல்நாட்டுச் சமயக் கொடுமையும் அரசுகளின் கடமையும்

ஓர் அரசு தன் குடிமக்களுள் ஒரு பிரிவினரை அவர்தம் சமயத்தின் காரணமாகத் துன்புறுத்துகிறது. அச்செய்தி வேறொரு நாட்டின் அரசுக்கு எட்டுகிறது. அவ்வயல்நாட்டு அரசு என்ன செய்தல் வேண்டும்? என்ன செய்தல் இயலும்? செய்வதனால் துன்புறுவோருக்கு நன்மை விளையுமா, அன்றி அவர்தம் துன்பம் மிகுமா? இம்மூன்று வினாக்களும் இப்பாடத்தின் பொருளாகும்.

இவை அரசியலாருக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. எண்ணிக்கையில் குறைந்த சமயத்தவராக எந்நாட்டில் வாழ்வோரும் இவற்றை அறிந்து வைத்தல் நலம். பல நாடுகளின் செய்திகளைத் துணுக்குகளாகத் தொகுப்பதைக் காட்டிலும், ஒரு நாட்டின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்குவது தெளிவு தரும். ஆதலின் ரஷ்ய நாட்டையும், அதன்பால் அமெரிக்க ஐக்கிய நாடுகள் மேற்கொண்ட முறைகளையும் முதன்மையாக எடுத்துக்கொள்வோம். பின்னர் நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையும், அண்மைக்காலச் சட்டங்களையும் சுருக்கமாகக் காண்போம்.

1. இரு நெறிகளின் முரண்பாடு

நாடுகளின் உறவில் இரண்டு நெறிகள் உள்ளன. ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் மற்றொரு நாடு தலையிடலாகாது என்பது ஒன்று. 1945-இல் இயற்றப்பெற்ற ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 2-ஆம் விதி, ஐ.நா. அமைப்பும் உள்விவகாரங்களில் தலையிடலாகாது என வரையறுக்கிறது. மனிதன் எங்குப் பிறந்தாலும் அவனுடைய மனச்சான்றுக்கு உரிமை உண்டு என்பது மற்றொன்று. 1948 டிசம்பர் 10-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆம் விதி, சிந்தனை, மனச்சான்று, சமயம் ஆகியவற்றின் உரிமையை எல்லோருக்கும் உரியதாக்கியது. 48 நாடுகள் அதனை ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தவர் எவரும் இலர். 8 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. ஒதுங்கிய நாடுகளுள் சோவியத் ஒன்றியமும் ஒன்று.

முதல் நெறியை மட்டும் கொண்டால், அண்டை வீட்டில் குழந்தை அடிபடும் ஓசை கேட்டும் கதவைச் சாத்திக்கொள்பவரைப் போல் ஆவோம். இரண்டாம் நெறியை மட்டும் கொண்டால், வலிய நாடு எளிய நாட்டினுள் நுழைவதற்குச் சமயத்தைச் சாக்காகக் கொள்ளும். இவ்விரண்டிற்கும் இடையே வழி காண்பதே அரசுகளின் பணியாக இருந்து வருகிறது.

2. அரசின் கையிலுள்ள உபாயங்கள்

நம் நாட்டு அரசியல் நூலோர் சாமம், தானம், பேதம், தண்டம் என நான்கு உபாயங்களைக் கூறினர். இக்கால அயலுறவுச் செயல்களையும் அவ்வகையுள் அடக்கலாம்.

சாமம் என்பது தூதர் வாயிலாகத் தனியே எடுத்துரைத்தல். செய்தித்தாள் அறியாது, மக்கள் அறியார். தானம் என்பது வாணிகச் சலுகை, கடனுதவி முதலியவற்றை அளித்து இணங்கச் செய்தல். பேதம் என்பது உலக அரங்கில் வெளிப்படையாகக் கண்டித்து, அவ்வரசைப் பிற நாடுகளினின்றும் தனிமைப்படுத்துதல். தண்டம் என்பது வாணிகத்தடை முதலாகப் படையெடுப்பு ஈறாகச் செல்வது.

இந்நான்கும் துன்புறுத்தும் அரசை நோக்கியவை. துன்புறுவோரை நோக்கிய ஐந்தாவது ஒன்றும் உண்டு. அதுவே புகலிடம் அளித்தல். நம் இல்லங்களில் அபயதானம் என்னும் சொல்லால் நாம் அறிந்திருப்பது இதற்கு அணுக்கமானது.

3. பெற்றுக்கொள்ளப்படாத விண்ணப்பம்

1903 ஏப்ரலில், அன்று ரஷ்யப் பேரரசைச் சேர்ந்ததும் இன்று மால்டோவா நாட்டின் தலைநகராக உள்ளதுமான கிஷினேவ் நகரில் யூதர்கள் தாக்கப்பட்டனர். இரண்டு நாள் நிகழ்ந்த அவ்வன்செயலில் 49 பேர் உயிரிழந்தனர். பல நூறு பேர் காயமுற்றனர். நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன.

அமெரிக்க யூதர்கள் ஒரு விண்ணப்பம் வரைந்தனர். அதில் 12,500-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர்; யூதரல்லாத பெரியோர் பலரும் அவருள் அடங்குவர். அதனை ஜார் மன்னருக்குச் சேர்ப்பிக்க வேண்டும் என்று ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் வேண்டினர். ரஷ்ய அரசு பெற்றுக்கொள்ளாது என்பது முன்னரே தெரிந்த செய்தி. எனவே ரூஸ்வெல்ட்டும் அயலுறவுச் செயலர் ஜான் ஹேயும் ஒரு வழி கண்டனர். “இவ்வாறு ஒரு விண்ணப்பம் உள்ளது, ஜார் மன்னர் இதனைப் பெற்றுக்கொள்வாரா?” என வினவும் தந்தியிலேயே விண்ணப்பத்தின் முழு வாசகத்தையும் சேர்த்து அனுப்பினர். ரஷ்ய அரசு மறுத்தது. ஆயினும் மறுப்பதற்கு முன்னர் அதன் வாசகம் அவர்கள் கைக்குச் சென்றுவிட்டது. செய்தித்தாள்கள் வழியே உலகமும் அறிந்தது.

அடுத்த நடவடிக்கை 1911-இல் நிகழ்ந்தது. 1832 முதல் இரு நாடுகளுக்கும் இடையே ஒரு வாணிக உடன்படிக்கை இருந்தது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற யூதர்களைத் தன் நாட்டுக்குள் விட ரஷ்ய அரசு மறுத்துவந்தது. இதனை முன்னிட்டு அவ்வுடன்படிக்கையை முறித்துக்கொள்ளுமாறு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 300-க்கு 1 என்னும் வாக்கு வேறுபாட்டில் தீர்மானித்தது. 1913 ஜனவரி முதல் நாளோடு உடன்படிக்கை முடிவுற்றது.

பயன் என்ன? அமெரிக்கா தன் குடிமக்களிடையே வேறுபாடு செய்வதை ஏற்காது என்பது நிலைநாட்டப்பட்டது. எனினும் ரஷ்யாவிலேயே வாழ்ந்த யூதர்களின் நிலை இதனால் மாறவில்லை. கண்டிப்பவரின் மானம் காக்கப்படுதல் வேறு. துன்புறுவோரின் துன்பம் தீர்தல் வேறு. இவ்வேறுபாட்டை இனிவரும் பகுதிகளிலும் மனத்திற் கொள்க.

4. சோவியத் ஆட்சியில் சமயம்

1917 புரட்சிக்குப் பின் அமைந்த சோவியத் அரசு நாத்திகத்தைத் தன் கொள்கையாகக் கொண்டது. 1929 ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்ட சட்டம், ஒவ்வொரு வழிபாட்டுக் குழுவும் அரசிடம் பதிவு பெற வேண்டும் என்றது. வழிபாட்டைத் தவிர வேறெதையும் அக்குழு செய்தலாகாது. ஏழைகளுக்கு உதவும் அறப்பணியும், சிறுவர்க்குச் சமயப்பாடம் கற்பித்தலும் விலக்கப்பட்டன.

ஆலயக் கதவு திறந்திருந்தாலும், தந்தை தன் மகனுக்கு அறிந்ததைச் சொல்லிக்கொடுத்தல் குற்றமாகிவிடின், ஒரு சமயம் எத்தனை தலைமுறை நிற்கும்? சமயத்தை ஒடுக்குவோர் பெரும்பாலும் கோயிலை இடிப்பதோடு நில்லாது, பிள்ளைகளின் கல்வியில் கைவைப்பர். சைபீரியாவில் பதிவு பெற மறுத்த பெந்தெகொஸ்தே கிறித்தவர் சிலரின் பிள்ளைகள், பெற்றோரிடமிருந்து பிரித்து அரசு விடுதிகளில் சேர்க்கப்பட்டனர். லித்துவேனியக் கத்தோலிக்கர் தமக்கு நேர்ந்த இடர்களை 1972 முதல் மறைவாகத் தட்டச்சு செய்து ஒரு பதிவேடாக வெளியிட்டு வந்தனர். முஸ்லிம்களும் பௌத்தர்களும் தம் பள்ளிவாசல்களையும் மடங்களையும் பெருமளவில் இழந்தனர்.

யூதர்களின் நிலை சற்று வேறானது. சோவியத் அடையாளச் சீட்டில் யூதர் என்பது ஓர் இனப்பெயராகவே எழுதப்பட்டது. ஹீப்ரு மொழி கற்பித்தல் ஒடுக்கப்பட்டது. 1967-க்குப் பின், நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கேட்டவர் பெருகினர். கேட்டவர் பலர் வேலை இழந்தனர். வேலையின்றி இருத்தலே குற்றம் என வழக்கும் தொடரப்பட்டது. இவ்வாறு மறுக்கப்பட்டோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.

5. சட்டம் என்னும் உரத்த குரல்

1972 ஆகஸ்டில் சோவியத் அரசு ஒரு வரியை விதித்தது. உயர்கல்வி பெற்றவர் நாட்டைவிட்டு வெளியேற விரும்பினால், அக்கல்விக்கு அரசு செலவிட்டதாகக் கணக்கிட்ட தொகையைத் திருப்பிச் செலுத்தல் வேண்டும். அது பல ஆண்டுச் சம்பளத்துக்கு நிகரான தொகை. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒரு வாணிக ஒப்பந்தம் செய்துகொண்டன. மிகவும் வேண்டிய நாடுகளுக்கு அளிக்கும் சுங்கச் சலுகையைச் சோவியத்துக்கும் அளிப்பதாக அமெரிக்க அரசு இசைந்தது.

செனட் உறுப்பினர் ஹென்றி ஜாக்சனும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் சார்லஸ் வானிக்கும் இதில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க முற்பட்டனர். குடிமக்கள் வெளியேறும் உரிமையை மறுக்கும் பொதுவுடைமை நாடுகளுக்கு இச்சலுகையும் அரசுக் கடனும் கிடையா என்பதே அது. அப்போது அயலுறவுக்குப் பொறுப்பேற்றிருந்த ஹென்றி கிஸ்ஸிங்கர் இதனை விரும்பவில்லை. 1968-இல் சில நூறாக இருந்த வெளியேற்றம் 1973-இல் ஏறத்தாழ 35,000 ஆக உயர்ந்தது ஓசையற்ற பேச்சினால்தான் என்றும், வெளிப்படையான நிபந்தனை அவ்வழியை அடைத்துவிடும் என்றும் அவர் வாதிட்டார்.

மறுபக்கத்து வாதமும் வலியது. கல்வி வரியைச் சோவியத் அரசு 1973-இல் நடைமுறையில் நிறுத்திவைத்தது, சட்டம் வரப்போகிறது என்னும் அச்சத்தினால் அன்றோ? மேலும், 1973 செப்டம்பரில் சோவியத் இயற்பியலறிஞர் ஆந்திரே சகாரவ் அமெரிக்கக் காங்கிரசுக்கு வெளிப்படையான மடல் எழுதி, இந்நிபந்தனையை ஆதரிக்குமாறு கேட்டுக்கொண்டார். அனுமதி மறுக்கப்பட்ட யூதர் பலரும் அதனையே விரும்பினர். துன்பத்தின் நடுவே இருப்பவரே, தமக்கு நேரும் விளைவை அறிந்தும், உரத்துப் பேசுக என்று வேண்டினர்.

1974 அக்டோபர் 18-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வெளியேற விரும்புவோர் துன்புறுத்தப்படார் என்று தமக்கு உறுதி கிடைத்திருப்பதாகக் கிஸ்ஸிங்கர் ஜாக்சனுக்கு மடல் எழுதினார். இம்மடல் அளவில் நின்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பது நமக்குத் தெரியாது. ஜாக்சன் அன்றே செய்தியாளர்களை அழைத்து, ஆண்டுக்கு 60,000 பேர் என்னும் அளவையும் குறித்துத் தம் வெற்றியை அறிவித்தார். எட்டு நாட்கள் கழித்து, சோவியத் அயலுறவு அமைச்சர் குரோமிகோ அத்தகைய உறுதி எதுவும் தரப்படவில்லை எனக் கிஸ்ஸிங்கருக்கு எழுதினார். கிஸ்ஸிங்கர் அம்மடலைக் காங்கிரசுக்குக் காட்டவில்லை. டிசம்பர் 13-இல் செனட் சபை 88 வாக்குகளுடன், எதிர்ப்பே இன்றி இந்நிபந்தனையை ஏற்றது. டிசம்பர் 18-இல் சோவியத் அரசு குரோமிகோவின் மடலைத் தானே வெளியிட்டது. 1975 ஜனவரி 3-இல் ஜனாதிபதி ஃபோர்டு சட்டத்தில் கையொப்பமிட்டார். அம்மாதமே சோவியத் ஒன்றியம் வாணிக ஒப்பந்தத்தை நிராகரித்தது. கடன் தொகைக்கு வேறொரு சட்டத்தால் குறைந்த வரம்பு விதிக்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணம்.

அதன் பின் வெளியேறியோர் எண்ணிக்கை எவ்வாறு சென்றது? 1973-இல் ஏறத்தாழ 35,000. 1975-இல் ஏறத்தாழ 13,000. சட்டம் தீமையே செய்தது என இதனைக் காட்டுவோர் உண்டு. ஆனால் அதே சட்டம் நடப்பில் இருந்தபோதே 1979-இல் எண்ணிக்கை 51,000 ஆயிற்று. ஆயுதக் குறைப்பு உடன்படிக்கையை முன்னிட்டுச் சோவியத் அரசு நல்லுறவை நாடிய காலம் அது. ஆப்கானிஸ்தானப் படையெடுப்புக்குப் பின் உறவு கெட்டது. 1984-இல் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே வீழ்ந்தது. ஆகவே சட்டம் ஒன்றே கதவைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. இரு வல்லரசுகளின் உறவு என்னும் பெருங்காற்றுக்கு ஏற்பவே அக்கதவு அசைந்தது. வரலாற்றறிஞர் இதுபற்றி இன்னும் ஒருமனப்படவில்லை.

ஒரு குறையை மட்டும் ஐயமின்றிக் கூறலாம். அச்சட்டம் வெளியேறும் உரிமையைக் கேட்டது. இருந்த இடத்திலேயே வழிபடும் உரிமையைக் கேட்கவில்லை. தாய்மண்ணை விட்டகல விரும்பாது, அங்கேயே தம் நெறியில் நிற்க விரும்பியவர்க்கு அதில் ஒரு வரியும் இல்லை.

6. தூதரகத்தின் நிலவறையில் ஐந்து ஆண்டுகள்

1978 ஜூன் 27-இல் சைபீரியாவின் செர்னோகோர்ஸ்க் ஊரைச் சேர்ந்த இரு பெந்தெகொஸ்தே குடும்பத்தினர் எண்மர் மாஸ்கோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு வந்தனர். வாயிற்காவலரைக் கடந்து எழுவர் உள்ளே ஓடினர். எட்டாமவரான இளைஞர் பிடிபட்டார். உள்ளே சென்ற எழுவரும் வெளியே வர அஞ்சி அங்கேயே தங்கிவிட்டனர்.

இதற்கு முன்னும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1963 ஜனவரியில் அதே ஊர்ப்பகுதியினர் 32 பேர் இதே தூதரகத்துக்கு வந்து உதவி கேட்டனர். அன்று அவர்கள் பேருந்தில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். இம்முறை தூதரக அதிகாரிகள் எழுவரையும் வலிந்து வெளியேற்றவில்லை. வரவேற்கவும் இல்லை. இவர்களை ஏற்றுக்கொண்டால் நாளை ஆயிரம் பேர் வாயிலில் வந்து நிற்பர் என்று அஞ்சினர். நிலவறையில் ஓர் அறை கொடுத்தனர். அவ்வெழுவரும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அதில் வாழ்ந்தனர். 1981 டிசம்பரில் இருவர் உண்ணாநோன்பு தொடங்கினர். அவருள் ஒருவர் நிலை மோசமாகி 1982 ஜனவரியில் மாஸ்கோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

1983 பிப்ரவரி 15-இல் ஜனாதிபதி ரீகன் சோவியத் தூதர் தோப்ரீனினை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசினார். இச்சந்திப்பு வெளியே அறிவிக்கப்படவில்லை. பல செய்திகளுக்கிடையே இவ்வெழுவரைப் பற்றியும் அவர் எடுத்துரைத்தார். அவர்களை விட்டால், அதனைத் தம் வெற்றியாக உலகுக்குப் பறைசாற்றப் போவதில்லை என வாக்களித்தார். ஏப்ரலில், மருத்துவமனைக்குச் சென்று பின் தம் ஊருக்குத் திரும்பியிருந்த பெண்மணிக்கு நாட்டைவிட்டுச் செல்ல அனுமதி கிடைத்தது. எஞ்சியோரும் தூதரகத்தை விட்டு வெளிவந்தனர். ஜூலைக்குள் இரு குடும்பத்தாரும் சோவியத் நாட்டினின்றும் வெளியேறினர். ரீகன் தம் வாக்கைக் காத்தார்.

1974-இல் ஜாக்சன் அன்றே அறிவித்ததையும், 1983-இல் ரீகன் வாய்மூடி இருந்ததையும் ஒப்பிட்டு நோக்குக. துன்புறுத்தும் அரசுக்கும் மானம் உண்டு. அதன் மானத்தைக் கெடுக்காது கேட்டால், சில வேளைகளில் கொடுக்கும்.

ஆயினும் ஓசையற்ற பேச்சுக்கும் எல்லை உண்டு. அது இரு குடும்பங்களை விடுவித்தது. அதே நம்பிக்கையுடைய பல்லாயிரவர் அங்கேயே இருந்தனர். அவர்களுக்காக எந்தச் சட்டமும் மாறவில்லை. மேலும், அமெரிக்க அரசு அவர்களுக்காகப் பேசியதற்கு, ஐந்து ஆண்டுகளாக அவர்கள் பெயரை மேலைநாட்டு ஆலயங்களும் இதழ்களும் ஓயாது கூறிவந்ததும் ஒரு காரணமன்றோ? வெளியே உரத்த குரல் இல்லாதிருப்பின், உள்ளே மெல்லிய குரலுக்குப் பொருள் இராது.

7. கையொப்பத்தின் வலிமை

1975 ஆகஸ்டு 1-இல் பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில் 35 நாடுகள் ஓர் ஆவணத்தில் கையொப்பமிட்டன. ஐரோப்பிய எல்லைகள் மாறாதிருக்க உறுதி பெறுவது சோவியத்தின் நோக்கம். அதற்கு ஈடாக, சிந்தனை, மனச்சான்று, சமயம் ஆகியவற்றின் உரிமையை மதிப்பதாகக் கூறும் ஏழாம் கோட்பாட்டையும் அது ஏற்றது. அது வெறும் எழுத்து என்றே பலர் எண்ணினர்.

ஆனால் சோவியத் மக்கள் சிலர் அவ்வெழுத்தைக் கையிலெடுத்தனர். 1976 மே மாதம் இயற்பியலறிஞர் யூரி ஓர்லவ் தலைமையில் மாஸ்கோவில் ஒரு குழு அமைந்தது. அரசு தான் கையொப்பமிட்டதை எங்கெங்கு மீறுகிறது எனக் குறித்து வெளியிடுவதே அதன் பணி. அவ்வாண்டு டிசம்பரில் குருவானவர் கிளெப் யாகுனின் முதலானோர் கிறித்தவர்களின் உரிமைக்கெனத் தனிக்குழு அமைத்தனர். பலர் சிறை சென்றனர். ஓர்லவ் 1977-இல் சிறைப்பட்டார். அதே குழுவினரான அனத்தோலி ஷரான்ஸ்கிக்கு 1978-இல் 13 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் 1986 பிப்ரவரியில் விடுதலை பெற்றார்.

கோர்பசேவ் காலத்தில் நிலை மாறியது. 1987 ஏப்ரலில் அமெரிக்க அயலுறவுச் செயலர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ் மாஸ்கோவுக்குச் சென்றபோது, அனுமதி மறுக்கப்பட்ட யூதர்களோடு பாஸ்கா விருந்தில் அமர்ந்தார். 1989 ஜனவரியில் வியன்னாவில் அதே 35 நாடுகளும் ஏற்ற ஆவணம், வழிபாட்டிடம், சமயக் கல்வி, நூல்கள், குருமார் பயிற்சி என ஒவ்வொன்றையும் தனித்தனியே குறித்து உறுதி கூறியது. 1990 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் மனச்சான்று உரிமைச் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு வெளியேறிய யூதர் 1,80,000-க்கும் மேற்பட்டோர்.

இம்மாற்றத்துக்குப் பொருளாதாரத் தளர்ச்சி முதலிய உள்நாட்டுக் காரணங்களே பெரியன. அயல்நாட்டாரின் செயல் அவற்றுக்குத் துணை நின்றது எனக் கொள்வதே பொருந்தும்.

8. கதவைத் திறத்தல்

பேசுதல் வேறு, இடங்கொடுத்தல் வேறு. இரண்டும் எப்போதும் ஒருங்கே அமைவதில்லை. இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

1959 மார்ச் இறுதியில் தலாய் லாமா திபெத்தினின்றும் இந்தியாவுக்குள் வந்தார். பல்லாயிரம் திபெத்தியர் அவரைத் தொடர்ந்தனர். இந்தியா 1954-இல் சீனாவோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் திபெத்தைச் சீனாவின் பகுதி என ஏற்றிருந்தது. அதனால் 1959-இலும் 1961-இலும் ஐ.நா. பொதுச்சபையில் திபெத்தைப் பற்றிய தீர்மானங்கள் வந்தபோது இந்தியா வாக்களியாது ஒதுங்கியது. 1965-இல்தான் ஆதரித்து வாக்களித்தது.

எனினும் ஐ.நா.வில் ஒதுங்கிய அதே அரசு எல்லையில் கதவைத் திறந்தது. அன்றைய மைசூர் மாநில அரசு 1960-களின் தொடக்கத்தில் பைலகுப்பையில் நிலம் வழங்கியது. காடாக இருந்த அவ்விடத்தில் குடியிருப்புகளும், பள்ளிகளும், மடாலயங்களும் எழுந்தன. தம் நாட்டில் அழிந்த கல்விமுறையைத் திபெத்தியப் பிக்குகள் நம் அண்டை மாநிலத்தில் மீண்டும் நிறுவினர். வாக்களிப்பில் இந்தியா துணிந்திருக்கலாம் என்பார் உளர். ஆயினும் ஒரு சமயத்தின் கல்வி அறுபடாது தொடர்ந்ததற்கு எது மிகுதியும் உதவிற்று என எண்ணிப் பார்க்க வேண்டும்.

9. பிற்காலச் சட்டங்கள்

1998 அக்டோபர் 27-இல் அமெரிக்காவில் உலகச் சமய உரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. ஆண்டுதோறும் ஒவ்வொரு நாட்டின் சமய நிலையையும் குறித்து அறிக்கை வெளியிடல், கொடுமை மிக்க நாடுகளைப் பட்டியலிடல், அதற்கேற்ப நடவடிக்கை எடுத்தல் ஆகியவற்றை இது அரசின் கடமையாக்கியது. நடவடிக்கைகள் 15 வகைப்படும். தனியே எடுத்துரைத்தல் முதலாவது. பொருளாதாரத் தடைகள் இறுதியில் வருவன. சாமம் முதலாகத் தண்டம் ஈறாக ஒரே சட்டத்தில் அடுக்கியிருப்பது காண்க.

இதன் நற்பயனுக்கு வியட்நாமை எடுத்துக்காட்டுவர். 2004-இல் அந்நாடு பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2005 மே மாதம் இரு அரசுகளும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. சிறைப்பட்ட சமயத்தவர் சிலர் விடுதலை பெற்றனர். 2006-இல் பட்டியலினின்றும் நீக்கப்பட்டது. இதன் குறைக்குச் சவூதி அரேபியாவைக் காட்டுவர். அதுவும் 2004-இல் பட்டியலில் சேர்ந்தது. ஆயினும் அமெரிக்காவின் நலனை முன்னிட்டு 2006 முதல் நடவடிக்கையினின்றும் விலக்களிக்கப்பட்டது. நண்பனுக்கு ஒரு தராசும் பகைவனுக்கு மற்றொரு தராசும் வைத்தால், எடை போடுபவரின் சொல்லை எவரும் நம்பார்.

சிறிய நாடும் செயற்படலாம் என்பதற்குக் காம்பியா சான்று. மேற்கு ஆப்பிரிக்காவின் அச்சிறு நாடு 2019 நவம்பரில், ரோஹிங்யா முஸ்லிம்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்காக மியான்மர் மீது உலக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2020 ஜனவரி 23-இல் நீதிமன்றம், அம்மக்களைக் காக்க வேண்டுமென ஒருமனதாக இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆணை கொடுமையை முற்றும் நிறுத்தவில்லை. ஆயினும் கொடுமைக்கு உள்ளானோரின் சொல் நீதிமன்ற ஏட்டில் ஏறியது.

10. இவ்வரலாறு உணர்த்துவன

முதலாவது, யாருக்காகப் பேசுகிறோமோ அவரைக் கேட்டே பேசுதல் வேண்டும். உரத்த குரலின் விலையைக் கொடுப்பவர் பேசுபவர் அல்லர், உள்ளே இருப்பவர். சகாரவ் போன்றோர் வேண்டியபோது பேசாதிருத்தல் குற்றம். அவர்கள் வேண்டாதபோது முழங்குதலும் குற்றமே.

இரண்டாவது, உரத்த குரலும் மெல்லிய குரலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. எதனை எப்போது எடுப்பது என அறிவதே அரசறிவு. பலன் கிடைத்த பின் பெருமை பேசாதிருத்தல் அதனினும் அரிது.

மூன்றாவது, ஒரு சமயத்தவருக்கு மட்டும் பேசும் அரசின் சொல் விரைவில் வலுவிழக்கும். தன் சமயத்தவர் துன்புறும்போது வருந்துதல் இயல்பு. பிறர் சமயத்தவர் துன்புறும்போதும் அதே அளவு வருந்துதல் அறம்.

நான்காவது, தன் வீட்டைத் திருத்தாதவன் சொல் எடுபடாது. தன் நாட்டுச் சிறுபான்மையினரைக் காக்கும் அரசுக்கே அயல்நாட்டில் பேசும் தகுதி உண்டு. இக்கடமையில் குடிமக்களாகிய நமக்கும் பங்குண்டு.

சிந்தனைக்கு உரியன

இல்லத்தில் பெரியோரும் இளையோரும் கூடியிருக்கும்போது கீழ்வரும் வினாக்களை ஆராய்க.

அ) 1903-இல் பெற்றுக்கொள்ளப்படாது எனத் தெரிந்தும் விண்ணப்பம் அனுப்பியது பயனுள்ள செயலா? ஏன்?

ஆ) வெளியேறும் உரிமை, இருந்த இடத்தில் வழிபடும் உரிமை ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் கேட்க இயலும் எனின், எதனை முதலில் கேட்பது தகும்?

இ) தூதரகத்தில் நுழைந்த எழுவரை ஏற்றுக்கொண்டால் ஆயிரம் பேர் வருவர் என அதிகாரிகள் அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானதா? நீங்கள் அவ்விடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

ஈ) ஐ.நா.வில் ஆதரவாக வாக்களித்து எல்லையை மூடும் நாடு, வாக்களியாது ஒதுங்கி எல்லையைத் திறக்கும் நாடு. இவற்றுள் துன்புறுவோருக்கு மிகுதியும் உதவுவது எது?

உ) நம் ஊரில், நம் தெருவில், நம்மினும் எண்ணிக்கையில் குறைந்த சமயத்தவர் எவரேனும் உளரா? அவர்தம் விழாவும் வழிபாடும் இடையூறின்றி நிகழ நாம் செய்யக்கூடியது யாது?